எரிமலைக் குழம்பில் வாழும் கற்பனை விலங்கை வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெருப்பு, கல், செதில் மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவர எனக்குக் கொள்ளை ஆசை. பல வருடங்களாக இதையே திரும்பத் திரும்ப வரைந்து வருகிறேன். வரையப் பழகுகிறவர்கள் தங்கள் படத்தைக் காட்டி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கீழே வைத்திருக்கிறேன். வாட்டர் கலருக்கும் டேப்லெட்டுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு. மற்றவை எதில் வரைந்தாலும் பொருந்தும்.

டிராகன் மாதிரி ஒண்ணு எரிமலைக்குள்ள நிக்கணும். முதல்ல மிருகத்தை வரையணுமா, பின்னணியை வரையணுமா?

இரண்டுக்கும் முன்னால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். வழக்கமான காட்சியில் வெயில் மேலிருந்து விழும். எரிமலைக் காட்சியில் தரைதான் விளக்கு. இந்த ஒரு மாற்றத்தால் முகம், வயிறு, கால், பின்னால் நிற்கும் பாறை எல்லாவற்றிலும் நிழல் தலைகீழாகிவிடும். மிருகத்தை முழுதாக முடித்துவிட்டுக் கடைசியில் காலடியில் லாவாவைச் சேர்த்தால், வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போலத்தான் இருக்கும்.

தீப்பெட்டி அளவில் நான்கைந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கருப்பு, சாம்பல், வெள்ளை மூன்றை மட்டும் வைத்துக் காட்சியை நிரப்புங்கள். கண், பல், நகம் எதுவும் வேண்டாம். கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போது எந்தக் கட்டத்தில் மிருகத்தின் வடிவம் சட்டென்று பிடிபடுகிறதோ, அதைப் பெரிதாக்கி வரையுங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் விட்டு நான் வீணாக்கிய தாள்கள் நிறைய.

லாவாவுக்கு என்ன கலர்? சிவப்புதானே?

சிவப்பு அதில் ஒரு பகுதிதான். பசால்ட் (கருமையான எரிமலைப் பாறை) வகை லாவா வெளியே வரும்போது சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் சூடு இருக்கும். அந்தச் சூட்டில் அதன் நிறம் மஞ்சள், மஞ்சள் கலந்த ஆரஞ்சு. ஆறி ஆயிரத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஆரஞ்சு, எண்ணூறு வாக்கில் நல்ல சிவப்பு, அறுநூறு வாக்கில் மங்கிய அடர்சிவப்பு. அதற்கும் கீழே போனால் வெறும் கருங்கல். நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடலாம்.

அதனால் நிறம் எடுக்கும் முன் உங்கள் படத்தில் எது புதிய குழம்பு, எது பழையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளவின் நடுவில் மஞ்சள், இரு பக்கமும் ஆரஞ்சு, விளிம்பில் சிவப்பு, அதைத் தாண்டினால் கருப்பு. பலர் இதைத் தலைகீழாக, நடுவில் சிவப்பும் ஓரத்தில் மஞ்சளுமாகப் போடுகிறார்கள். லாவா பொய்யாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் போட்டாச்சு. ஆனா ஒளிரவே மாட்டேங்குது. பெயின்ட் கொட்டின மாதிரி இருக்கு. ஏன்?

சுற்றிலும் இருட்டு போதவில்லை. தாளின் வெண்மையை விட வெளிச்சமான ஒன்றை எந்த நிறத்தாலும் கொண்டுவர முடியாது. ஒரு மஞ்சள் கோடு எரிவது போல் கண்ணுக்குத் தெரிவது, பக்கத்தில் இருப்பது கருத்துக் கிடப்பதால்தான். என்னிடம் வரும் படங்களில் பெரும்பாலானவற்றில் முக்கால்வாசி இடம் ஆரஞ்சாக இருக்கிறது. எல்லாமே கத்தினால் எதுவும் காதில் விழாது.

ஒரு கருப்புத் தாளைக் கிழித்து, உங்கள் லாவாவின் மேல் ஒழுங்கற்ற துண்டுகளாக வைத்துப் பாருங்கள். விரல் அகல இடைவெளி மட்டும் விடுங்கள். அந்த இடைவெளி பற்றிக்கொண்டது போல் தெரியும். உண்மையான லாவா ஏரியும் இப்படித்தான். எத்தியோப்பியாவின் எர்ட்டா அலே, காங்கோவின் நியிரகோங்கோ எரிமலைகளின் லாவா ஏரிப் படங்களைத் தேடிப் பாருங்கள். பரப்பில் பெரும்பகுதி கருத்த ஏடு. அந்த ஏடு பலகை பலகையாகப் பிளந்து விலகும் இடத்தில் மட்டும் வளைந்து நெளிந்து ஓடும் ஒளிக்கோடு. என் கணக்கில், படத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பளிச்சென்று இருக்கக் கூடாது.

கருப்பு கலரை நேரா எடுத்துப் போடக்கூடாதுன்னு சொல்றாங்களே, அப்போ பாறைக்கு என்ன போடறது?

தடையெல்லாம் இல்லை. ஆனால் டியூபிலிருந்து நேராக எடுத்த கருப்பை எல்லா இடத்திலும் பூசினால் பாறை தட்டையாகிவிடும். அடர்நீலத்தையும் அடர்பழுப்பையும் கலந்து பாருங்கள். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த கருமை, பழுப்பு தூக்கலாக இருந்தால் சூடான கருமை. லாவாவை விட்டுத் தள்ளியிருக்கும் பாறைக்கு முதலாவது, கிட்டே இருக்கும் பாறைக்கு இரண்டாவது. குளிர்ந்த கருமைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு இன்னும் எரியும். சுத்தக் கருப்பைக் கடைசியில் இரண்டு மூன்று பிளவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாவாவைத் தண்ணி மாதிரி அலை அலையா வரைஞ்சா தப்பா?

தப்புதான். பசால்ட் லாவா தண்ணீரை விடப் பல்லாயிரம் மடங்கு கெட்டியான குழம்பு. எரிமலை வாயில் கொப்பளிக்கும்போது தெறிக்கும் என்பது உண்மை. தரையில் ஓடும்போது பெரும்பாலும் நுரையும் அலையும் கிடையாது.

ஹவாய் மக்கள் ஆறிய லாவாவுக்கு வைத்த இரண்டு பெயர்களை எரிமலை ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பாஹோய்ஹோய் என்பது வழவழப்பானது, முறுக்கிய கயிறு போல மடிப்பு விழுந்தது. ஆஆ என்பது கரடுமுரடானது, உடைந்த கட்டிகளின் குவியல். முதலாவது வகை முன்னேறும் விதத்தை ஒரு வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கருத்த ஓரத்தில் ஒரு புள்ளி சிவக்கும். அது பிதுங்கிக் கட்டைவிரல் போல வெளியே வரும், முதலில் பளீரென்று. சில நொடிகளில் மேலே மெல்லிய தோல் படர்ந்து வெள்ளி போல மினுக்கும். உள்ளே குழம்பு தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்தத் தோல் சுருங்கி, அரைவட்டம் அரைவட்டமாக மடியும். மடிப்பின் வளைவு எப்போதும் ஓட்டத்தின் திசையில் முன்னால் தள்ளியிருக்கும். இந்த அரைவட்ட மடிப்புகள் நான்கைந்தை வரைந்தாலே போதும், பார்ப்பவருக்கு அது நகர்வது தெரிந்துவிடும்.

விலங்கின் குணத்துக்கும் இது உதவும். மெதுவாக ஊரும் மிருகத்துக்கு வழவழப்பான தரை பொருந்தும். சண்டைக்கு நிற்கும் மிருகத்தை ஆஆ குவியலின் மேல் ஏற்றிவிடுங்கள்.

என் மிருகம் லாவாவுல நீந்தற மாதிரி, தலை மட்டும் வெளிய தெரியற மாதிரி வரையலாமா?

கற்பனை உங்களுடையது, வரையலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வரையுங்கள். உருகிய பசால்ட் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. நம்மைப் போல் சதையும் தண்ணீருமான உடம்பு அதில் முங்காது, மிதக்கும். ஐந்தில் இரண்டு பங்கு அமிழ்ந்தாலே அதிகம். தலை மட்டும் தெரிய வேண்டும் என்றால் உங்கள் மிருகம் கல்லைப் போல் கனமாக இருக்க வேண்டும். அப்படியானால் அதன் தோலும் கல்லாக இருக்கட்டும், கழுத்தும் கால்களும் தடிமனாக இருக்கட்டும்.

நீந்தும் மிருகத்தைச் சுற்றி வட்ட வட்ட அலை போடாதீர்கள். மேலே சொன்ன கருத்த ஏடு அதன் மார்பில் முட்டி உடைந்து, பலகைகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். பின்னால் கடந்து வந்த பாதை மஞ்சளாகத் திறந்து கிடக்கட்டும். தூரம் போகப் போக அந்தப் பாதை ஆரஞ்சாகி, சிவந்து, மூடிக்கொள்ளட்டும். இது நான் மிகவும் விரும்பி வரையும் பகுதி. மிருகம் எவ்வளவு நேரமாக வந்துகொண்டிருக்கிறது என்பதை அந்தப் பாதையே சொல்லிவிடும்.

எந்த மிருகத்தை ரெஃபரன்ஸா வைக்கலாம்? எல்லாமே டிராகன் மாதிரியே வந்துடுது.

எரிமலை மண்ணிலேயே வாழும் உயிர்களிடமிருந்து தொடங்குங்கள். பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளின் கடல் உடும்பு கருத்த லாவாப் பாறைமேல் அதே கருப்பில் படுத்துக் கிடக்கும். மொட்டை மூக்கு, முதுகு நெடுக முள்வரிசை, தலையில் மூக்கு வழியாகச் சிந்திய உப்பின் வெண்படலம். அந்தப் படலத்தின் இடத்தில் சாம்பலை வைத்துப் பாருங்கள், பாதி மிருகம் தயார். 2001-இல் இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளின் அருகே ஒரு நத்தையைக் கண்டுபிடித்தார்கள். அதன் காலில் ஓடு ஓடாகச் செதில்கள், அவற்றின் மேல் இரும்பு சல்ஃபைடு பூச்சு. இரும்புக் கவசம் போட்ட உயிர் நிஜமாகவே இருக்கிறது என்று தெரிந்தபோது என் மிருகங்களின் கால்கள் எல்லாம் மாறிவிட்டன. செதில் அடுக்குக்கு அழுங்கு (எறும்புதின்னி), கனமான நடைக்கு ஆமை, வாய்க்கு முதலை.

கலக்கும்போது இரண்டு, அதிகம் போனால் மூன்று உயிர்களோடு நிறுத்துங்கள். யாளியைப் பாருங்கள்: சிங்க உடல், யானைத் துதிக்கை. எங்கே எது முடிந்து எது தொடங்குகிறது என்பதில் சிற்பிக்குக் குழப்பமே இல்லை. அந்தத் தெளிவு இருந்தால் இல்லாத மிருகமும் இருப்பது போலத் தோன்றும்.

உடம்புல விரிசல் விட்டு உள்ளே நெருப்பு தெரியற மாதிரி போட்டேன். சிலந்தி வலை ஒட்டின மாதிரி இருக்கு. என்ன தப்பு?

மூன்று தப்பு இருக்கலாம். முதலாவது, எல்லா விரிசலும் ஒரே அகலம். விரிசல் ஓரிடத்தில் அகலமாகத் தொடங்கி மயிரிழையாக மறைய வேண்டும். சில விரிசல்கள் ஒளியே இல்லாமல் வெறும் கருப்பாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, விரிசல் உடம்பின் அசைவோடு சேரவில்லை. பாறை ஆறும்போது சுருங்குவதால் வெடிக்கிறது. வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே கடற்கரையில் சுமார் 40,000 பசால்ட் தூண்கள், பெரும்பாலும் ஆறு பக்கத்தோடு, அப்படிப் பிளந்து நிற்கின்றன. அசையாத முதுகுக்கும் தோளுக்கும் இந்த அறுகோணத் தட்டு பொருந்தும். முழங்கால், கழுத்து, தாடை மடியும் இடங்களில் தட்டு சிறியதாகிவிட வேண்டும். நீட்டிய பக்கம் விரிசல் வாய் பிளந்து மஞ்சளாக எரியட்டும், மடங்கிய பக்கம் மூடிக் கருத்திருக்கட்டும். உங்கள் முழங்கையை மடக்கிப் பாருங்கள்: வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் மடிகிறது. மிருகத்துக்கும் அதேதான்.

மூன்றாவது, ஆழம் இல்லை. அகலமான விரிசலின் ஒரு கரையில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு ஒன்று இழுங்கள். உள்ளிருந்து வரும் ஒளி தட்டின் தடிமனில் படுகிறது என்று பொருள். அந்த ஒரு கோட்டில் தோல் இரண்டு விரல் தடிமனாகிவிடும். எல்லாத் தட்டுக்கும் போட வேண்டாம், கண்ணுக்கு நேராக இருக்கும் ஏழெட்டுக்கு மட்டும்.

கீழேருந்து வெளிச்சம் வந்தா முகத்தை எப்படி ஷேட் பண்றது? எப்பவும் மேலேருந்து வர்ற மாதிரியே கை போகுது.

கை பழகியபடிதான் போகும், அதற்குப் புதிதாகப் பழக்க வேண்டும். இருட்டு அறையில் கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடியுங்கள். தாடையின் அடிப்பக்கம், மூக்குத் துளையின் மேல்விளிம்பு, புருவ எலும்பின் அடிப்பக்கம் மூன்றும் பளிச்சென்று இருக்கும். கன்னத்தின் மேல்பகுதி, நெற்றி, மூக்கின் மேல்தண்டு இருளில் போகும். மிருகத்திலும் அதே மூன்று இடம்தான். கூடவே வயிறு, தொடையின் உள்பக்கம், இறக்கை இருந்தால் அதன் அடிப்பரப்பு.

களிமண்ணில் விரல் நீள மிருகம் ஒன்று பிசைந்து, ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சை அதன் காலடியில் வைத்துப் பாருங்கள். இதைவிட நல்ல ரெஃபரன்ஸ் கிடையாது. கால் எரிகிறது, தொடை சிவக்கிறது, தோள் மங்குகிறது, முதுகு கருக்கிறது. சிறிய விளக்காக இருந்தால் தூரம் இரட்டிக்கும்போது ஒளி நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். லாவா ஏரி பெரிய பரப்பு என்பதால் அவ்வளவு வேகமாகக் குறையாது. சின்ன ஓடை என்றால் முழங்காலோடு வெளிச்சத்தை நிறுத்துங்கள். ஏரி என்றால் கழுத்து வரை கொண்டுபோகலாம்.

கண்ணையும் ஒளிர வைக்கலாமா?

ஒளிரட்டும், ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. படத்தில் மிகப் பளிச்சென்ற இடம் ஒன்றுதான் இருக்க முடியும். கண்ணா, விரிசலா, பின்னால் ஓடும் லாவாவா என்று தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை ஒரு படி இறக்குங்கள். நான் பெரும்பாலும் கண்ணைக் கருப்பாக விட்டு, லாவாவின் பிரதிபலிப்பாக அடிப்பக்கத்தில் ஒரு சிறு ஆரஞ்சுப் பிறை வைப்பேன். உயிர் அதில்தான் அதிகம் தெரிகிறது.

புகை, தீப்பொறி எவ்வளவு போடலாம்?

புகையைக் காரணத்தோடு போடுங்கள். லாவா தண்ணீரைத் தொடும் இடத்தில் வெள்ளை ஆவி, வெடிக்கும் வாயில் சாம்பல் நிறப் புகை. இரண்டின் அடிப்பக்கமும் ஆரஞ்சாக இருக்க வேண்டும், ஏனென்றால் விளக்கு கீழே இருக்கிறது. சாம்பல் மேகத்துக்குள் மின்னல் வெட்டுவது உண்மையில் நடப்பதுதான். ஆனால் கண்ணைப் பற்றிச் சொன்ன நிபந்தனை அதற்கும் உண்டு.

தீப்பொறியைப் புள்ளி புள்ளியாகத் தூவாதீர்கள். சிலது கோடாக இழுபட்டும் சிலது மங்கியும் இருக்கட்டும், எல்லாம் ஒரு மூலையிலிருந்து கிளம்பட்டும். போதும் என்று தோன்றும்போது பாதியை அழித்துவிடுங்கள்.

வாட்டர் கலர்ல இதெல்லாம் முடியுமா? கலர் பென்சில்ல?

முடியும், ஆனால் வரிசை முக்கியம். வாட்டர் கலரில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மை. அதை முதலிலேயே காப்பாற்ற வேண்டும். ஒளிரும் இடம் முழுக்க வெளிர் மஞ்சள் கழுவி, காய்ந்த பின் மிகப் பளிச்சென்ற கோடுகளை மாஸ்கிங் ஃப்ளூயிடால் (நிறம் ஒட்டாமல் தடுத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) மூடுங்கள். அது இல்லையென்றால் மெழுகுவர்த்தி முனையால் அழுத்திக் கீறினாலும் போதும். மெழுகின் மேல் நிறம் ஒட்டாது. அதற்குப் பிறகு ஆரஞ்சு, சிவப்பு, கடைசியாக நாம் கலந்த நீலப் பழுப்புக் கருமை. ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தில் கருமையைத் தொட்டால் ஆரஞ்சு சேறாகிவிடும்.

கலர் பென்சிலிலும் மஞ்சள்தான் அடியில். கருமை வரப்போகும் இடங்களின் ஓரத்தில் சிவப்பைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டு, அதன் மேல் கருமையை அழுத்துங்கள். பாறையின் விளிம்பு உள்ளே சூடாக இருப்பது போல் வரும்.

டிஜிட்டல்ல க்ளோ எஃபெக்ட் எப்படி? போட்டா படம் முழுக்க பனி மூட்டம் மாதிரி ஆயிடுது.

க்ளோவைச் சீக்கிரமே போட்டுவிடுகிறீர்கள். முதலில் சாதாரண லேயரில், எந்த எஃபெக்டும் இல்லாமல், லாவா எரிவது போல் தெரியும் வரை வரையுங்கள். அங்கே எரியாதது க்ளோ போட்டாலும் எரியாது. பிறகு மிருகத்தின் மேல் ஒரு மல்டிப்ளை லேயர் (கீழே உள்ளதை இருட்டாக்குவது) வைத்து, அதில் நீலச்சாயல் கொண்ட கருமையால் முதுகை இருட்டாக்குங்கள். அதன் மேல் ஆட் அல்லது கலர் டாட்ஜ் லேயர் (கீழே உள்ளதை வெளிச்சமாக்குவது) ஒன்று. அதில் வெள்ளையை எடுக்காமல் அடர் ஆரஞ்சையோ செம்பழுப்பையோ எடுத்து, பெரிய மென்மையான பிரஷ்ஷால், லாவாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியில் மட்டும் லேசாகத் தடவுங்கள்.

பனி மூட்டம் வருவது இந்த லேயர் கருமையான இடங்களிலும் பரவுவதால்தான். லேயர் மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) போட்டு, மிருகத்தின் முன்பக்க வரைகோட்டுக்கு உள்ளே கசிந்ததை அழியுங்கள். அவ்வப்போது படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தீப்பெட்டிக் கட்டத்தில் பார்த்த அதே மூன்று நிறம் தெரிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

நீல லாவா போடலாமா? இந்தோனேசியாவுல இருக்குன்னு படம் பார்த்தேன்.

நீங்கள் பார்த்தது ஜாவா தீவின் காவா இஜென். அங்கே நீலமாக எரிவது லாவா இல்லை, கந்தகம். கந்தக வாயு காற்றோடு சேர்ந்து பற்றி நீலச் சுடராகிறது, உருகிய கந்தகம் எரிந்துகொண்டே சரிவில் வழிவதும் உண்டு. வேறு நிற லாவா வேண்டுமென்றால் தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் இருக்கிறது. அதன் லாவா ஐந்நூறு, அறுநூறு டிகிரியிலேயே ஓடும். பகலில் சேறு போலக் கருப்பாகவோ பழுப்பாகவோ தெரியும், ஆறிய பின் ஈரம் பட்டு வெளுத்துவிடும். வெள்ளைத் தரையில் ஒரு கருத்த மிருகத்தை நினைத்துப் பாருங்கள்.

கற்பனையில் நீலமும் பச்சையும் தாராளமாகப் போடலாம். இரண்டாவது கேள்வியில் சொன்ன வரிசையை மட்டும் விடாதீர்கள்: சூடான நடு வெளுத்திருக்கும், ஓரம் அடர்ந்து கருமையில் முடியும்.

பகல் வெளிச்சத்துல, நீல வானத்தோட வரைஞ்சா என்ன ஆகும்?

வெயிலில் லாவாவின் ஒளி மங்கிப்போகும். ஏடு மூடிய பகுதி வெள்ளிச் சாம்பலாக மினுக்கும், பிளவுகள் மட்டும் ஆரஞ்சாகத் தெரியும். கீழ் வெளிச்சம் மிருகத்தின் மேல் கிட்டத்தட்ட விழாது. சூடு தெரிய வேண்டுமென்றால், லாவாவுக்குப் பின்னால் இருக்கும் கோடுகளை நடுங்க விடுங்கள், அந்த இடத்தில் விளிம்பைக் கூர்மையாக்காதீர்கள். பழகுகிறவர்களுக்கு நான் இரவையோ அந்தியையோதான் சொல்வேன்.

லாவா வெளிச்சமும் நிலா வெளிச்சமும் ஒரே படத்துல வேணும். ரெண்டும் சண்டை போடுது.

இது கஷ்டமான கேள்வி, ஆனால் 250 வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதில் இறங்கியிருக்கிறார். ஆங்கில ஓவியர் ஜோசப் ரைட் 1774-இல் இத்தாலியில் வெசூவியஸ் எரிமலையைப் பார்த்தார். அதன் பிறகு முப்பதுக்கும் அதிகமான முறை அதை வரைந்தார். அவற்றில் சிலவற்றில் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நிலா. நிலாப் பக்கம் வெளிறிக் குளிர்ந்தும் நெருப்புப் பக்கம் செறிந்து சிவந்தும் இருக்கும்.

மிருகத்தின் உடம்பை மூன்றாகப் பிரியுங்கள். அடிப்பக்கம் லாவாவுக்கு. முதுகின் மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய நீலச்சாம்பல் கோடு நிலாவுக்கு. நடுவில் இரண்டும் தொடாத இருட்டுப் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தப் பட்டை இல்லாமல் ஆரஞ்சும் நீலமும் உரசும் இடத்தில்தான் சண்டை வருகிறது. நிலாக் கோடு, லாவா ஒளியில் பாதிக்கும் குறைவான பளிச்சில் இருக்கட்டும்.

எல்லாரும் பயங்கரமான மிருகம்தான் வரையறாங்க. நான் ஒரு குட்டியை வரையணும். எரிமலைல குட்டி எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கலாபகோஸின் ஃபெர்னான்டினா தீவில் பெண் தரை உடும்புகள் சுமார் 1,500 மீட்டர் உயர எரிமலையில் ஏறி, வாய்க்குள்ளே இறங்கி, சூடான சாம்பலில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. அங்கே எரிமலைதான் அடைகாக்கிறது.

குட்டிக்கு ஏடு இன்னும் கட்டியாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயின் முதுகில் போட்ட தடித்த தட்டுகள் வேண்டாம். பாஹோய்ஹோயின் அந்த மெல்லிய வெள்ளித் தோலை அதற்குக் கொடுங்கள். விரிசல் குறைவு, அதற்குப் பதிலாகத் தோல் வழியே மங்கலான சிவப்பு கசியட்டும், கையால் டார்ச்சை மூடினால் விரலிடுக்கில் தெரிவது போல. பெரிய தலை, குட்டையான கால், தாயின் நிழலுக்குள் பாதி உடம்பு. சாம்பலில் அதன் காலடித்தடம் ஒவ்வொன்றிலும் ஒரு துளி ஆரஞ்சு வையுங்கள், பின்னால் போகப் போக அணைந்துகொண்டே வருவது போல.